ஸ்பாஞ்சுக்கு அடியில் ஐந்து பதில்கள்

வாளியைக் கழுவி வைக்காத ஆளை நான் நம்புவதில்லை, மேடம். முப்பத்து நாலு வருஷமாக ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் என் வாளியைச் சலவைச் சோடா போட்டுத் தேய்த்து, ஸ்பாஞ்சைப் பிழிந்து, ஹீட்டர் மேல் காயப்போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அன்றைக்கும் ஆம்புலன்ஸ் போன பிறகு கழுவினேன். அதை என்னமோ தடயத்தை அழித்த மாதிரி விசாரிக்க வந்த உங்கள் ஆள் நேற்றுத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அழுக்கு வாளியை அப்படியே போட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை என்று சொன்னேன்.

என் பெயர் ஹியூ ஆக்டர்லோனி. போர்ட்கார்வியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஸ்பாஞ்சு எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள், துறைமுகத்தில் மீன் இறக்குகிறவன்கூடக் கை காட்டுவான். போர்ட்கார்வி ரோவர்ஸ் ஆட்டக்காரன் கீழே விழுந்தால் வாளியோடு முதலில் ஓடுகிறவன் நான். முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூடக் காலாவதியாக விட்டதில்லை.

உங்களுக்குக் கால்பந்தில் ஆர்வம் இல்லை என்றீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் லீக்கின் கடைசி அடுக்கு. பத்து கிளப், ஒவ்வொன்றோடும் நாலு தடவை, மொத்தம் முப்பத்தாறு ஆட்டம். கடைசி இடத்தில் முடிக்கிற கிளப் மே மாதம் லீக்குக்கு வெளியே காத்திருக்கிற ஒரு கிளப்போடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். தோற்றால் லீக்கை விட்டே போக வேண்டியதுதான். அப்படிப் போன கிளப்பின் மைதானம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். கோல் கம்பத்தில் யாரோ நாயைக் கட்டியிருந்தார்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் ஆட்டக்காரர்கள் எல்லாம் வாரத்தில் வேறு வேலை பார்க்கிறவர்கள். செவ்வாயும் வியாழனும் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். ஃபின்லே ராட்ரே தச்சு வேலை செய்கிறவன். இருபத்தேழு வயது, ஆறடி மூன்றங்குலம். காலில் பந்து கிடைத்தால் அவனுக்கே என்ன செய்வதென்று தெரியாது, ஆனால் தலைக்கு வந்தால் கோல். மைதானத்தை ஒட்டின கடல் சுவர்ப் பக்கம் நிற்கிற ஜனம் அவனைப் பார்த்துக் கத்தும்: "டேய் ராட்ரே, உள்ள மரத்தூள்தானே இருக்கு, பயப்படாம முட்டுடா." அவனும் தலையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பான். இந்த சீசனில் நாங்கள் போட்ட இருபத்து மூன்று கோலில் பன்னிரண்டு அவனுடையது.

என்னைப் பெரிசு என்றுதான் கூப்பிடுவான். "பெரிசு, உன் ஸ்பாஞ்சுல போன வருஷத்து மீன் நாத்தம் அடிக்குது."

"உன் மூஞ்சியைத் தொட்டப்புறம்தான்டா அப்படி ஆச்சு" என்பேன்.

எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள். ஏனென்றால் நான் அவனை வெறுத்திருப்பேன் என்று அவன் மனைவி ஷோனா நினைக்கிறாள்.

அக்டோபரில் அவனுக்கு முதல் அடி. ஒரு தடுப்பாட்டக்காரனும் இவனும் ஒரே பந்துக்குத் துள்ளி, மண்டையோடு மண்டை இடித்துக்கொண்டார்கள். தலையில் அடிபட்டவனிடம் கேட்க ஐந்து கேள்விகள் உண்டு, அட்டையில் எழுதி என் சட்டைப் பையில் வைத்திருப்பேன். இது எந்த மைதானம். இப்போது எந்தப் பாதி. கடைசியாக கோல் போட்டது யார். போன வாரம் யாரோடு ஆட்டம். அதில் ஜெயித்தோமா. நான் கை தூக்கினால் டாக்டர் இம்ரி பெட்டியோடு வருவார், அவர் ஒரு முறை கேட்பார். ஒன்று தப்பானாலும் ஆளை வெளியே எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆட்டம் கிடையாது.

ஃபின்லே நாலு வரைக்கும் சரியாகச் சொன்னான். ஐந்தாவதுக்கு, "ஆமா, மூணு கோல்ல ஜெயிச்சோம்" என்றான். நாங்கள் ஆகஸ்டிலிருந்தே ஒரு ஆட்டம் ஜெயித்திருக்கவில்லை. டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

அவன் உட்கார்ந்திருந்த மூன்று வாரமும் தோற்றோம். பத்து கோல் வாங்கினோம், ஒன்றுகூடப் போடவில்லை. மூன்றாவது ஆட்டம் முடிந்து மேனேஜர் ரென்னி துணி மாற்றும் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இருந்த ஒரு தலையும் வீட்டுல உக்காந்திருக்கு, ஸ்பாஞ்சு. இப்படியே போனா நாம அவ்வளவுதான்" என்றார்.

அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் வீட்டுக்கு வந்து, மீன் வறுத்துக்கொண்டே அட்டையை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், மொத்தமே ஐந்து கேள்விதான், அதுவும் எப்போதும் அதே வரிசையில்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் பெஞ்சு மேல் ஏறி நின்று, வாளியைத் தட்டினேன். "எந்த மைதானம்டா?" என்றேன். பையன்கள் முதலில் முழித்தார்கள், பிறகு சேர்ந்து கத்தினார்கள். "போன வாரம் யாரோட?" "ஜெயிச்சோமா?" தோற்றோம் என்பதைத்தான் எல்லோரையும் விட சத்தமாகக் கத்தினார்கள், சிரிப்புத் தாங்கவில்லை. அன்றைக்கு அதிசயமாக ஜெயித்தோம். ஃபின்லே தலையால் இரண்டு. அவ்வளவுதான், அது சடங்காகிவிட்டது. ஜெயித்த அன்றைக்குப் போட்டிருந்த காலுறையைத் துவைக்காமல் போடுகிறவர்கள் எங்கள் ஆட்டக்காரர்கள். வாளி தட்டாமல் களத்தில் இறங்க மாட்டோம் என்றார்கள். ஒருநாள் டாக்டர் இம்ரி வாசலில் நின்று கேட்டுவிட்டு, "தலைக் காயத்தைப் பத்தின விழிப்பை விளையாட்டாவே ஏத்துறீங்களே, நல்லது" என்று பாராட்டிவிட்டுப் போனார். படித்தவர், நல்ல மனுஷி. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

மூன்று பதில் இப்படி ஆட்டத்துக்கு முன்பே மண்டையில் ஏறிவிடும். எந்தப் பாதி, யார் கடைசியாக கோல் போட்டது என்கிற இரண்டும்தான் அங்கேயே மாறுகிறவை. அதற்கு ஸ்பாஞ்சு இருந்தது. குனிந்து முகத்தில் ஸ்பாஞ்சை வைத்து அழுத்தும்போது என் வாய் அவன் காதுக்கு ஒட்டினாற்போல் இருக்கும். இரண்டாம் பாதி, கடைசி கோல் நம்ம ஆள் பிர்னி போட்டது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். சொல்லி முடித்த பிறகு கை தூக்குவேன்.

பிப்ரவரியில் ஒரு தடவை. மார்ச்சில் இரண்டு தடவை. ஏப்ரலில் எதிராளியின் முழங்கை பட்டது. நாலு முறையும் டாக்டர் கேட்டார், நாலு முறையும் ஐந்துக்கு ஐந்து. ஒவ்வொரு முறை அவன் எழுந்து நிற்கும்போதும் ஜனம் கை தட்டும். எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. இதை மறைக்க என்ன இருக்கிறது.

மார்ச் கடைசியில் அவன் ஒரு புதன்கிழமை பயிற்சிக்கு வந்தான். நான் காலுறைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "எல்லாரும் எங்க பெரிசு?" என்றான். நாளைக்குத்தான் பயிற்சி என்று சொல்லி, வந்ததே வந்தாய் என்று டீ போட்டுக் கொடுத்தேன். விளக்கை அணைக்கச் சொன்னான், கண் கூசுகிறதாம். அணைத்தேன். இருட்டிலேயே ரெண்டு பேரும் டீ குடித்தோம்.

ஏப்ரலில் ஒரு ஆட்டத்தின் இடைவேளை. எங்கள் ஊரில் அந்த நேரம் ஜனம் மொத்தமும் நம் ஆட்கள் அடுத்த பாதியில் கோல் போடப்போகிற பக்கமாக நடந்து போகும். அந்தக் கூட்டத்துக்கு எதிராக ஷோனா நடந்து என்னிடம் வந்தாள். நாலு மாதக் கர்ப்பம். கையில் ஒரு டப்பா.

"நேத்து ஒரே கதவை மூணு தரம் அளந்தாரு, மூணும் வேற வேற அளவு. கெட்டில்ல தண்ணி ஊத்தாமலே அடுப்புல வெச்சாரு. நான் கேட்டா, ஸ்பாஞ்சு பாத்துட்டாரு, ஒண்ணும் இல்லன்னு சொல்றாரு. நீங்க நெசமாவே பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. டாக்டரும் பாத்தாங்க. அஞ்சும் சரியாத்தான் சொன்னான்."

"அப்ப ஏன் இப்படி இருக்காரு?"

"களைப்பு. சீசன் முடியற நேரம் எல்லாருக்கும் வர்றதுதான். நல்லாத் தூங்கச் சொல்லு."

அவள் முகம் தெளிந்துவிட்டது. டப்பாவை என் கையில் கொடுத்தாள், எனக்காகச் சுட்ட பிஸ்கட். நன்றாக இருந்தது. டப்பாவைக் கழுவி மறுவாரம் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசி இடத்தில்தான் முடித்தோம். மே மாதத்து முதல் ஆட்டம் அவர்கள் ஊரில், ஒன்றுக்கு சைபர் என்று தோற்றோம். அடுத்த சனிக்கிழமை எங்கள் மைதானத்தில். எப்போதும் முந்நூறு பேர் வருகிற இடத்தில் அன்றைக்கு இரண்டாயிரம். சுவர் மேலெல்லாம் ஆட்கள். தொண்ணூறு வயதுக் கிழவன் ஒருவனை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். நூற்றுப் பத்து வருஷத்துக் கிளப், மேடம்.

ஆட்டத்துக்கு முன்னால் ஃபின்லே ஷூ வைக்கிற அறையில் வாந்தி எடுத்தான். நான்தான் கழுவிவிட்டேன், என் வாளியிலேயே. சுவரில் சாய்ந்துகொண்டு, "பெரிசு, இன்னைக்கு யாரோட?" என்றான்.

சொன்னேன். பிறகு ஐந்தையும் அவனுக்குத் தனியாக ஒரு முறை சொல்லிக் கொடுத்தேன். உள்ளே போய் வாளியைத் தட்டினேன். ரென்னி கேட்டார், "ஃபின்லே எப்படி இருக்கான்?" பதட்டம்தான், வேறொன்றும் இல்லை என்றேன்.

இருபதாவது நிமிஷம் பிர்னி ஒன்று போட்டான். இரண்டு ஆட்டமும் சேர்த்துக் கணக்கு சமம். அப்புறம் பந்து எங்கும் போகவில்லை, காற்று அப்படி. எழுபத்தொன்றாவது நிமிஷம் ஃபின்லே கோல் கம்பத்தின் பக்கத்தில் விழுந்தான். நான் ஓடினேன். கண் திறந்துதான் இருந்தது. ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், மண்டைக்குள் ரத்தம் கசிகிறது, சான்றிதழ் வகுப்பில் இரண்டாவது நாளே சொல்லித் தருகிற விஷயம் அது.

ஸ்பாஞ்சை வைத்தேன். அடியிலிருந்து மெதுவாகக் கேட்டான்.

"நீங்க யாரு?"

ஒன்பது வருஷமாக என்னை நீ என்று கூப்பிட்டவன் மரியாதையாகக் கேட்டான். ஒரு கணம் கை நின்றது. அப்போது நான் கையைக் குறுக்கே ஆட்டியிருந்தால் ஆளை மாற்றியிருப்பார்கள், அவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். பெஞ்சில் இருந்ததோ பதினெட்டு வயதுப் பையன், தலைக்குப் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவன். நான் அவன் காதில் சொன்னேன்: "ரெண்டாவது பாதி. பிர்னி போட்டது." அவன் கண்ணில் அந்தப் பெரிய கண்மணி தெரியாதபடி நெற்றியில் ஈரத் துணியைக் கண் வரை இறக்கிப் போட்டேன். அதன் பிறகு கை தூக்கினேன்.

டாக்டர் இம்ரி மண்டியிட்டுக் கேட்டார். ஃபின்லே ஐந்தையும் சொன்னான், பாட்டு ஒப்பிக்கிற பையன் மாதிரி நிறுத்தாமல். கடைசிக்கு, "இல்ல, ஒண்ணுக்கு சைபர் தோத்தோம்" என்றான்.

டாக்டர் தயங்கினார். "குரல் ஒரு மாதிரி இருக்கு, ஹியூ."

"கடல் காத்து, டாக்டர். வாய் விறைச்சுப் போச்சு. அஞ்சும் சரிதானே."

அவர் எழுந்துவிட்டார்.

எண்பத்தாறாவது நிமிஷம் கார்னர். பந்து கடல் பக்கம் போய்க் காற்றில் திரும்பி வந்தது, ஃபின்லே எல்லோருக்கும் மேலே எழும்பினான். வலை அசைந்தது. கையை விரித்துக்கொண்டு சுவர்ப் பக்கமாக நாலடி ஓடி, முகம் குப்புற விழுந்தான். பையன்கள் எட்டுப் பேர் சந்தோஷத்தில் அவன் மேலேயே விழுந்து புரண்டார்கள். இரண்டாயிரம் பேரில் எனக்கு மட்டும் தெரியும். நான் முதலில் கோட்டு நடுவரின் கொடியைத்தான் பார்த்தேன். கொடி ஏறவில்லை, கோல் செல்லும், கிளப் தப்பித்தது. பிறகுதான் வாளியை எடுத்தேன்.

இதைத்தானே கேட்டீர்கள். நான்தான் செய்தேன், ஐந்து முறை, தெரிந்தே செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஷோனா சொல்கிற மாதிரி அவனை நான் கைவிடவில்லை. அவள் செவ்வாய்க்கிழமைகளில் அவளுடைய டாக்டரைப் பார்க்கப் போகிற நேரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஸ்பாஞ்சால் அவன் வாயோரம் துடைத்துவிட்டு, அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறேன். அவன் பெயரே அவனுக்கு வரவில்லை என்று நர்ஸ் சொல்கிறாள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. போன வாரம் மைதானத்தின் பெயரை முக்கால்வாசி சொல்லிவிட்டான். ஜெயித்தோமா என்றால் மட்டும் எப்போதும் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறான். நான் அதைத் திருத்துவதில்லை, மேடம். அது ஒன்றுதான் நான் சொல்லிக் கொடுக்காமலே அவனுக்கு வருகிற சரியான பதில்.