பத்து பதினாலுக்கு ஆடிய மூட்டை

– முதல்ல, நேத்து யார் யார் எங்க ஒக்காந்திருந்தாங்கன்னு வரிசையா சொல்லுங்க ரஞ்சிதம் அக்கா. அப்பதான் தோட்டத்து மேனேஜர் துரை இந்தக் கடிதத்த நம்புவாரு.

– எழுதிக்குங்க டீச்சர். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற ஷெட்டுல, கதவோரம் பெஞ்சில என் கூட கொழுந்து கிள்ளுற தங்கம்மா. தராசுக்கு எதிர நாற்காலியில எடைக் கணக்கு எழுதுற நாகரத்தினம் கிராணி. நான் மட்டும் ஒக்காரல. மூட்டைய கொக்கியில மாட்டிட்டுத் தள்ளி நின்னேன். கை ரெண்டும் இடுப்புல!

– "கையால் தொடவில்லை." எழுதிட்டேன். அப்புறம்?

– மூட்டை தானா ஊஞ்சலாட்டம் ஆடிச்சு. முள்ளு இருபது கிலோவுக்கும் முப்பதுக்கும் ஓடுது. கிராணி, "எடையக் கூட்டிக் காட்ட ஆட்டுறியா?"ன்னு ஒரே கத்தல். தங்கம்மாவைக் கேட்டா, தரை, பெஞ்சு எதுவும் ஆடலன்னுட்டா. நாளைக்கு விசாரணை. வேலை போனா தோட்டம் குடுத்த லயத்து வீடும் போச்சு லா.

– போகாது! போன்ல வந்த செய்தியப் படிக்கிறேன், கேளுங்க. நேத்து காலையில நம்ம நேரம் பத்து மணி பதினொரு நிமிசத்துக்கு சுமத்ரா பக்கம், கடலுக்கடியில பாறைப் பிளவு நழுவியிருக்கு. கரையோரத்துல வீடெல்லாம் இடிஞ்சிருக்கு. கிராணி உங்க எடைச் சீட்டுல எழுதின நேரம் என்ன?

– பத்து பதினாலு! அம்மாடி! மூணே நிமிசத்துல கடலத் தாண்டி நம்ம மலை ஏறிடுச்சா?

– ஏறிடும். ஆனா அவ்வளவு தூரம் வந்தா மெதுவான ஆட்டம்தான். பல பேருக்குத் தெரியவே தெரியாது, தொங்குறது மட்டும் ஆடும். நம்ம பிள்ளைக் காப்பகத்துல மூணு சேலைத் தொட்டிலும் ஆட்டாமலே ஆடிச்சு. நான் காத்துன்னு நெனச்சு ஜன்னல சாத்தினேன்! அதையும் எழுதிட்டேன்.

– ஐயோ டீச்சர், உங்களக் கட்டிப் பிடிக்கணும் போல இருக்கு! இருங்க, மோட்டார் சைக்கிள் சத்தம். கிராணிதான் வராரு, தபால் பையோட.

– டீச்சரம்மா, தபால் இருக்கா? துரை ஆபீசுக்குப் பை போவுது. அட, ரஞ்சிதமும் இங்கதானா?

– ஆமாங்கய்யா. மூட்டைய ஆட்டின ஆளக் கண்டுபிடிச்சுட்டோம். சுமத்ராவுல இருக்காரு!

– என்னம்மா உளறுற?

– நீங்களே படிங்க கிராணி ஐயா, போன்ல வந்த செய்தியும் துரைக்கு எழுதின இந்தக் கடிதமும். நிலநடுக்கம். நீங்க சீட்டுல போட்ட நேரமே சாட்சி.

– பத்து பதினொண்ணா... டீச்சரம்மா, அதாவது, நாற்காலியில ஒக்காந்திருக்கிறவனுக்கு இது எப்படி இருக்கும்?

– சில பேருக்குத் தலை சுத்துற மாதிரி இருக்குமாம். சரி, நான் கவர ஒட்டுறேன்.

– ஒட்டாதீங்க! என் பேருக்கு நேரா ஒரு வரி சேருங்க. "நாற்காலியில் இருந்த கிராணிக்குத் தலை சுற்றியது. ரஞ்சிதம் மூட்டையைத் தொட்டதை அவர் பார்க்கவில்லை." குடுங்க, கையெழுத்துப் போடுறேன்.

– அப்ப நேத்து ஏங்கய்யா அப்படிக் கத்தினீங்க?

– எனக்குதான் என்னமோ ஆயிப்போச்சுன்னு பயம், ரஞ்சிதம். பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் டாக்டரப் பாக்கக்கூட தைரியம் இல்ல. பழிய உன் மேல போட்டுட்டேன். தப்புதான்.

– நாளைக்கு துரை முன்னாடியும் இதச் சொல்லுவீங்களா?

– சொல்றேன்மா. உன் முன்னாடியே சொல்றேன். டீச்சரம்மா, இப்ப ஒட்டுங்க. நல்லா அழுத்தி. போடுங்க பையில.

– போட்டாச்சு. என்னங்கய்யா, உள்ள இருந்து வேற ஒரு கவர எடுக்கிறீங்க?

– இது ராத்திரி நான் துரைக்கு எழுதினது. தலையில கோளாறு, வேற கிராணி பாத்துக்குங்கன்னு. இது போக வேணாம் லா!