ஓய்வில்தான் உடம்பு வளரும்

எங்கள் வீட்டில் குக்கர் கிடையாது, மேடம். வடித்த சோறுதான். ருசிக்காக இல்லை, விசில் சத்தம் ஆகாது என்பதற்காக. பனியன் துணி ஓட்டும் நிட்டிங் யூனிட்டில் எனக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் மூன்று மணி வரை தூங்கியாக வேண்டும்.

உடம்பை ஏற்றுவது என்றால் தினமும் இரண்டு மணி நேரம் ஜிம்மில் கிடப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் போவேன். போட்டிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. இது கனம் தூக்கிச் சதை சேர்க்கும் காலம். ஒரு பயிற்சிக்கு இரண்டே செட், ஆனால் அந்த இரண்டிலும் மிச்சம் வைக்கக்கூடாது. மற்ற நாளெல்லாம் சாப்பாடும் தூக்கமும். சதை ஜிம்மில் வளர்வதில்லை, மேடம். படுக்கையில்தான் வளர்கிறது. தூக்கம் கெட்டால் தூக்கிய பாரம் அத்தனையும் வீண்.

இதெல்லாம் தெரிந்துதான் விஜயராணி என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் வேலை. நான் வரும்போது அவள் கிளம்புவாள். நாங்கள் சாத்தான்குளத்துக்காரர்கள், இங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஜெசிந்தாவுக்குப் பதினான்கு மாதம். பகலில் என்னோடுதான். ஒரே அறை. பல் முளைக்கிற நேரம், அழுதுகொண்டே இருக்கும்.

சளி மருந்து கொடுத்தால் பிள்ளை தூங்கும் என்பது எனக்குத் தற்செயலாகத் தெரிந்தது. அதுவும் வளர வேண்டிய உடம்புதானே என்று தொடர்ந்து கொடுத்தேன். இரண்டு மாதத்தில் என் டெட்லிப்ட், அதாவது தரையிலிருந்து தூக்கும் பாரம், பதினைந்து கிலோ ஏறியது.

வீட்டுக்காரம்மா மயிலாள்தான் முதலில் சந்தேகப்பட்டார். குழாயடியில் வைத்துக் கேட்டார்.

“ஏனுங் தம்பி, ஊர்ப்பட்ட புள்ளைக கத்துது, உங்கூட்டுப் புள்ள மட்டும் பொம்மையாட்டம் கெடக்குது. அதுக்கும் எதாச்சும் எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்துட்டீங்களா?”

நான் சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

விஜயராணியிடமும் அவர் சொல்லியிருக்க வேண்டும். வேலை விட்டு வந்ததும் அவள் பிள்ளையின் வாயை முகர்ந்து பார்க்கத் தொடங்கினாள். ஒரு நாள் மருந்துப் பாட்டிலில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரைக் கண்டேன். பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டச் செக்கிங் பெண்கள் ஒட்டுவது. மருந்தின் மட்டத்துக்கு நேராக ஒட்டியிருந்தாள். நான் ஊற்றிய பிறகு அதை உரித்து, குறைந்த மட்டத்துக்கு இறக்கி ஒட்டினேன்.

சாயங்காலம் அவள் பாட்டிலைத் திருப்பிக் காட்டினாள். மறுபக்கம், லேபிள் ஓரத்தில், பழைய மட்டத்திலேயே இன்னொரு அம்பு.

“பீஸை ரெண்டு பக்கமும் பாத்துத்தான் நாங்க பாஸ் பண்ணுவோம். புள்ளைக்கு ஏன் மருந்து குடுக்கீய?”

“சளி.”

“புள்ளைக்குச் சளியா, ஒங்களுக்கு ஒறக்கமா?”

மருந்தைக் கொட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு ஊருக்குப் போகப் போவதாகச் சொன்னாள். அதுவரை மயிலாள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆனால் வெள்ளிக்கிழமை அவர் அவிநாசிபாளையத்தில் ஒரு இழவுக்குப் போக வேண்டியதாயிற்று. கம்பெனியில் அவசர ஷிப்மென்ட், விஜயராணிக்கு லீவு இல்லை. பைபிளை நீட்டினாள். இனிக் கொடுக்கமாட்டேன் என்று கைவைத்துச் சொன்னேன்.

“டீ பிரேக்குல போன் பண்ணுவேன். எடுக்கணும்” என்றாள்.

வேறொரு பாட்டில் என் ஜிம் பையில் இருந்தது. அன்று டெட்லிப்ட் நாள். பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொடுத்தேன்.

நன்றாகத் தூங்கினேன். மூன்று மணிக்கு எழுந்து பார்த்தபோது ஜெசிந்தாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது. உலுக்கினேன், கண் திறக்கவில்லை. கவனிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன், மேடம். கவனித்தேன். தெருமுனையில்தான் ஆஸ்பத்திரி. ஆனால் நான்கு நாள் ஓய்வில் சேர்த்த பலம் அது. அன்றே தூக்காவிட்டால் கணக்கெல்லாம் தப்பிவிடும். மயிலாளும் வருகிற நேரம்தான் என்று கதவைச் சாத்தாமல் கிளம்பினேன்.

முதல் செட்டில் நூற்றுத் தொண்ணூறு கிலோ, ஐந்து முறை. இறக்கி வைக்கும்போது பையில் போன் அடித்தது. விஜயராணி. அணைத்துவிட்டேன். அவ்வளவு கனத்துக்குப் பிறகு மூச்சு அடங்கி உடம்புக்குத் தெம்பு திரும்ப ஏழு நிமிடமாவது வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நிமிடமும். பிறகு எழுந்து இரண்டாவது செட்டைத் தூக்கினேன். ஜிம் கேமராவில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

நான் திரும்பியபோது மயிலாள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார். உயிர் இல்லை. ஐந்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

அந்த ஏழு நிமிடமும் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள் என்றுதான் விஜயராணி திரும்பத் திரும்பக் கேட்கிறாள். ஓய்வெடுக்காமல் தூக்கியிருந்தால் என் முதுகு போயிருக்கும், மேடம். நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.