உடைபடாத அச்சு

திராட்சை அறுப்பின் முதல் நாள் அது. எங்கள் சிஸ்கியா நகரில் பாதிப் பேர் மதிலுக்கு வெளியே, தோட்டங்களில் இருந்தார்கள். என் தங்கையும் போயிருந்தாள்.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: நான் லிக்காயுஸ். நாணயச்சாலைக்கு அச்சு வெட்டுகிறவன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். படை புறப்பட்டதுமே வெற்றித் தேவதையின் உருவை அச்சில் வெட்டத் தொடங்கிவிடுவோம். ஜெயித்து வருகிறவன் கையில் உடனே பொற்காசு விழ வேண்டும். தோற்றால் அதிகாரி முன்னால் அச்சை உடைக்க வேண்டும். என் தேவதைகள் இரண்டு முறை உடைபட்டிருக்கிறார்கள். இரண்டு முறையும் சுத்தியலை என்னிடமே கொடுத்தார்கள்.

இந்த முறை சிறகு கூடி வந்திருந்தது. எதிரியின் கழுத்தை மிதிக்கும் பாதத்தில் கட்டைவிரல்கூடத் தெரிந்தது.

உச்சிவெயிலில் டாஸியுஸ் வந்தான். தங்கையின் கணவன், குதிரைப்படைக்காரன். என் பட்டறை கோட்டை வாசலை ஒட்டியது; அதனால் முதலில் என்னிடம் வந்தான். ரொட்டியும் ஒயினும் கொடுத்தேன். பசியோடு சாப்பிட்டான்.

“தோத்துட்டோம் மச்சான். சர்மாத்தியனுங்க பொழுது சாயறதுக்குள்ள இங்க வந்துருவானுங்க. தோட்டத்துல இருக்கிறவங்கள உள்ள கூப்பிட்டுக் கதவச் சாத்தணும்.”

வேறு யார் தப்பியது என்று கேட்டேன். தான் மட்டும்தான் என்றான். பிறகு மேசைமேல் இருந்த அச்சைப் பார்த்துச் சிரித்தான்.

“உன் பொம்பளைக்கு றெக்க இருக்கு, பறந்துருவா. நாமதான் ஓடணும்.”

அந்தச் சிரிப்புக்காக அடித்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு அவனைப் பிடிக்கும். அவன் சேதி சொல்ல வாசல் பக்கம் திரும்பினான், அவ்வளவுதான். சோதனைக் காசு அடிக்கும் சுத்தியல் கனமானது. ஒரே அடி போதுமாக இருந்தது.

கையைக் கழுவிக்கொண்டு அச்சோடு நாணயச்சாலைக்குப் போனேன். மச்சான் வந்திருக்கிறான், ஜெயித்துவிட்டோமாம், அலுப்பில் தூங்குகிறான் என்றேன். அதிகாரி என்னைக் கட்டிக்கொண்டார். காசு அடிக்கத் தொடங்கினோம். செய்தி தோட்டங்களுக்குப் போயிற்று. பாட்டுச் சத்தம் வந்தது. பொழுது சாயும்போது வேறு சத்தம் வந்தது. நாணயச்சாலையின் கதவு இரும்பு. அதை நானே சாத்தினேன். தங்கையின் குரல் தனியாகக் கேட்கவில்லை.

வருத்தமா என்கிறீர்கள். தோட்டம் மறுபடி காய்க்கும். அப்படி ஒரு சிறகை மறுபடி யார் வெட்டுவது? சர்மாத்தியர் கொள்ளையோடு போய்விட்டார்கள். நாணயச்சாலையின் இரும்புக் கதவைத் திறக்க அவர்களால் முடியவில்லை. மற்ற கோட்டைகளில் மிஞ்சிய படைக்கு அந்தக் காசைத்தான் கொடுத்தார்கள். உங்களுக்கும்.

“பையில இருக்கிறத எடுத்துப் பாருங்க ஐயா. அதுல யாரு தோத்திருக்கா?”