பாக்கெட்டில் இருந்த ஃபியூஸ் கட்டை

மாவு சூடாக இருக்கும்போதே டப்பாவை மூடினால் கெட்டுப்போகும். உங்கள் வீட்டிலும் சொல்லிவையுங்கள், சார். முப்பது வருஷமாக மில்லுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். பாதிப் பேர்தான் கேட்பார்கள்.

மில் அப்பா போட்டது. தேய்ந்த கல்லை அவர் உளியால் கொத்திக்கொண்டிருந்தபோது யாரோ தெரியாமல் சுவிட்சைத் தட்டிவிட, இரண்டு விரல் போனது. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: ஒருவர் கல்லுக்குள் குனிந்தால் மற்றவர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்குப் பிறகு கொத்துவது அண்ணன், கட்டை என்னிடம்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் நான். ஆனால் போன மாதம் போன் வந்தால் அண்ணன் வெளியே போய்ப் பேச ஆரம்பித்தார். என்னைக் கண்டால் அண்ணி பேச்சை மாற்றினார். ஒருநாள் எவனோ டேப் பிடித்துச் சுவரை அளந்தான்.

"யாருண்ணா அது?"

"அப்புறம் சொல்றேன்டா. உனக்கு எல்லாத்துக்கும் அவசரம்."

சிரித்தார். அப்படியொரு கல்லுளிமங்கன். மில்லை விற்கப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, வேறு தொழிலும் தெரியாது. மறுபடி கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் மழுப்பியிருப்பார்.

கடையில் அதே அளவில் இன்னொரு கட்டை வாங்கினேன். செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் மூடியைக் கழற்றி, தலையும் கையும் உள்ளே போகக் குனிந்தார்.

"கட்டை உன்கிட்டதானேடா?"

"என் பாக்கெட்லதான்ணா இருக்கு."

அது சத்தியமான உண்மை. அவரிடம் நான் பொய் சொன்னதே இல்லை. புதுக் கட்டையைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். அதிக நேரம் ஆகவில்லை. பிறகு நானே அணைத்தேன். கல் சிக்கினால் மோட்டார் புகைந்துவிடும், பாவம்.

நேற்று அண்ணி இங்கே ஸ்டேஷனுக்கு வந்து ஒரு பத்திரத்தைக் காட்டினார். மில் முழுவதும் என் பெயரில். அளக்க வந்தவன் அதற்காகத்தான் வந்தானாம்.

"முன்னாடியே சொன்னா நீங்க வேண்டாம்னுடுவீங்கன்னுதான் மறைச்சாரு தம்பி" என்று அழுதார்.

அடியில் அண்ணன் கையெழுத்து இருந்தது. அவர் எழுத்து எனக்குத் தெரியாதா? ஆனாலும் அது போலியாகத்தான் இருக்க வேண்டும், சார். நன்றாக விசாரியுங்கள். இல்லாவிட்டால் நான் கொலைகாரனாகிவிடுவேனே.