மாமாவின் அடக்கத்துக்குத் தேதி குறித்த வகை

உயர்கல்வியின் எதிர்காலத்தில் அக்கறையுள்ள சகலருக்கும், குறிப்பாக என்னை விசாரிக்கக் கூடியிருக்கும் இந்தக் குழுவினருக்கும், மிகுந்த பொறுப்புணர்வோடு ஓர் உண்மையை அறிவிக்கிறேன்: புதிதாகச் சேரும் விரிவுரையாளருக்கு முதலில் தேவைப்படுவது நல்ல கறுப்புத் துணி.

நான் புவியியல் துறைப் பேராசிரியர் குவாமெனா அக்வாண்டோ. இந்தத் துறையின் ஒரே பேராசிரியர். அந்த 'ஒரே' என்ற சொல்மீது எனக்கு எந்தப் பற்றும் கிடையாது. என் அறைக் கதவில் அது பித்தளையில் பொறிக்கப்பட்டிருப்பது தற்செயல்.

டாக்டர் செலோர்ம் அக்பெகோ நாட்டின் கிழக்கே வோல்ட்டா ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்த பெண். கெட்டிக்காரர். வழிகாட்டச் சொல்லி என்னிடம் ஒப்படைத்தார்கள். விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். குறித்த தேதிக்குள் கட்டுரைகளை வெளியிட்டு, பணி உறுதிக்கான கோப்பைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். செலோர்முக்கு ஒரே ஒரு கட்டுரைதான் குறைவாக இருந்தது.

முதல் பாடத்தை நான் அன்பாகவே சொன்னேன். "டாக், கட்டுரை என்னைக்கு வேணா எழுதலாம். சாவு வீடு சனிக்கிழமை மட்டும்தான்."

துறையில் யாருடைய அத்தை செத்தாலும் துறையின் சார்பில் அவரைத்தான் அனுப்பினேன். வெள்ளி இரவு கண்விழிப்பு, சனி அடக்கம், ஞாயிறு தேவாலயத்தில் நன்றி வழிபாடு. நடுவில் சாப்பாடு, ஆட்டம், ஆள் உயர ஒலிபெருக்கி. திங்கட்கிழமை காது அடைத்துப்போய் வகுப்புக்குப் போவார். மாணவர்கள் கேள்வி கேட்டால் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வார்.

"புரொஃப், என் கட்டுரையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் டாக். அருமை. ஆனா இன்னும் ஊறணும். புளிக்காத சோள மாவுல கென்கி அவிச்சா யார் சாப்பிடுவா?"

"போன வருஷமே புளிச்சிடுச்சு புரொஃப். இப்ப நாற ஆரம்பிச்சிருக்கு."

அவரிடம் இருந்த ஒரே குறை இந்த வாய்தான். அதை அடக்குவதும் வழிகாட்டியின் கடமையில் சேரும் என்று நினைக்கிறேன்.

என்னைக் கேட்காமலே கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிட்டார். அவர்களும் ஏற்றுக்கொண்டு, சில திருத்தங்கள் மட்டும் கேட்டார்கள். அதற்கு அவருக்குத் தேவை ஒரு வாரக்கடைசி. கையில் இருந்ததும் ஒன்றுதான். கடைசித் தேதிக்கு முந்தியது. விசாரித்துப் பார்த்தேன், அந்த வாரம் பல்கலைக்கழகத்தில் யார் வீட்டிலும் சாவு இல்லை. டீனின் மாமியாரைப் பற்றி நம்பிக்கையோடு கேட்டேன். தேறிவருகிறார் என்றார்கள். வருத்தமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு என் மாமா நினைவு வந்தது.

அம்மாவின் அண்ணன். ஈஸ்டர் சமயத்தில் இறந்து, எங்கள் ஊரான ஆக்ஸிமில், பிணவறையில் தேதிக்காகக் காத்திருந்தார். எங்கள் வழக்கப்படி ஒருவருக்கு அவருடைய சகோதரியின் மகன்தான் வாரிசு. அடக்கத்துக்குத் தேதி குறிப்பதும் என் பொறுப்பு. நான் அந்த வாரக்கடைசியைக் குறித்தேன். துறையிலிருந்து போகும் குழுவுக்குத் தலைவர் செலோர்ம் என்று அறிவித்தேன். வழிகாட்டியின் மாமா அடக்கத்துக்கு வராமல் இருக்கத் துணிந்த விரிவுரையாளர் இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

சுவரொட்டி ஒட்டி, துணி தைத்து, ஆட்டைக் கட்டிய பிறகு ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. பல்கலைக்கழகம் கடைசித் தேதியைத் தள்ளிவைத்தது. நான் மாமாவைத் தள்ளிவைத்தேன்.

சித்தி அராபா தொலைபேசியில் வந்தார். "குவாமெனா, மழை வருதுன்னு தள்ளிவைக்க எங்க அண்ணன் என்ன ஃபுட்பால் மேட்சாடா?"

"சித்தி, இது உயர்கல்வி சம்பந்தப்பட்ட விஷயம்."

"அவரு ஆறாங்கிளாஸே தாண்டல. செத்த பிறகு அவருக்கு என்னடா உயர்கல்வி?"

வேலைநிறுத்தம் முடிந்து புதுத் தேதி வந்தது. மாமாவுக்கும் புதுத் தேதி வந்தது. மறுபடி வேலைநிறுத்தம், மறுபடி தள்ளினேன். தேதிமேல் தேதியாகச் சுவரொட்டியில் ஒட்டியதில் மாமாவின் தாடை மறைந்துவிட்டது.

இங்கேதான் கணக்கில் ஒரு சின்னப் பிசகு. மாமாவுக்கென்று ஒதுக்கிய நாட்களில் செலோர்மை நான் வேறு எந்தச் சாவுக்கும் அனுப்பவில்லை. மாமா தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் அவர் மடியில் ஒரு வாரக்கடைசி முழுசாக விழுந்தது. முதல் தடவையில் திருத்தங்களை முடித்துவிட்டார். அடுத்ததில் சும்மா இருக்க மனமில்லாமல் இன்னொரு கட்டுரையே எழுதிவிட்டார்.

ஒரு நாள் என் அறைக்கு வந்தார். "புரொஃப், உங்க மாமா புண்ணியத்துல கோப்பைக் குடுத்துட்டேன். உக்காந்தே எழுதினதுல, அவர் அடக்கத்துக்குத் தைச்ச துணிதான் இப்ப பத்தல, இறுக்குது. கட்டுரைல அவருக்கு நன்றி சொல்லியிருக்கேன்."

"எனக்கு?"

"உங்களுக்கும்தான். 'தேதியைத் தள்ளிவைத்த பேராசிரியருக்கு'ன்னு."

அந்த நன்றியை யாரோ சித்திக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் நேரே துணைவேந்தர் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். அதனால்தான் நீங்கள் இங்கே கூடியிருக்கிறீர்கள்.

நான் எதையும் மறுக்கவில்லை. ஒரு பெண்ணின் வேலை போக வேண்டும் என்பதற்காக, இறந்த மனிதரை மாதக்கணக்கில் குளிரில் கிடத்தியிருந்தேன். ஆனால் விளைவைப் பாருங்கள். என்னிடம் வழிகாட்டுதல் பெற்றவர்களில் பணி உறுதியானவர் செலோர்ம் ஒருவர்தான். அவருக்கு முன்னால் வந்தவர்களில் ஒருவர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். இன்னொருவர் என்னைக் கண்டால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். அவர்களுக்கெல்லாம் நான் போதிய அளவு பாடுபடவில்லை என்பதே இதிலிருந்து தெரிகிறது. ஒருவருக்காகக் குடும்பத்தையே தியாகம் செய்தேன், பலன் கிடைத்தது. இதைவிட நல்ல வழிகாட்டி யார்?

துறையும் அப்படித்தான் நினைக்கிறது போலும். டாக்டர் ஃபீஃபி என்ற இளைஞரை இப்போது என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சுறுசுறுப்பானவர், நிறைய எழுதுகிறார். அவர் கோப்புக்குக் கடைசித் தேதி மார்ச் மாதம் வருகிறது.

மாமா இன்னும் பிணவறையில்தான் இருக்கிறார்.