ஹைமவதி மிஸ்ஸுக்குப் பசிக்குது

— அப்படியே புக்கை மூடு ஆதவா. மூடிட்டியா? இப்ப படி.

— “வண்ணத்துப்பூச்சி பறந்து வந்தது. பூவில் அமர்ந்தது. தேன் குடித்தது.”

— புக்கு மூடியிருக்குதே, எப்படிப் படிக்கிற?

— இப்படியும் வரும் மிஸ். கண்ணை மூடிக்கினா இன்னும் ஸ்பீடா வரும்.

— சரவணகுமார் சார், என்ன சார் இது?

— ஞாபக சக்தி மேடம். நம்ம மூணாங்கிளாஸ் பசங்களுக்கு அது ஜாஸ்தி.

— சார், ஆய்வுக்குன்னு நான் ஏறி இறங்காத ஸ்கூல் இல்ல. சாக்பீஸ் குடுங்க. போர்டுல ஒரு வரி எழுதறேன். ஆதவா, இதைப் படி.

— அது எங்க பாடத்துல இல்ல மிஸ்.

— வேற யாராச்சும் படிக்கிறீங்களா? ஒருத்தருமே இல்லையா? சரி, ஜன்னலுக்கு வெளியேருந்து ஒரு பொண்ணு எட்டி எட்டிப் பார்க்குதே, அது யாரு சார்?

— மதிவதனி மேடம். அவ வேணாம். அம்மை போட்டு ஒரு மாசமா வரல, இன்னிக்குத்தான் வந்தா. மார்க் குறைஞ்சிடும்னு நான்தான் சத்துணவு ஆயாகிட்ட உட்கார வெச்சேன்.

— கூப்பிடுங்க.

— கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க மேடம். இந்தத் தடவை ஆய்வுல மார்க் கம்மியானா நம்ம ஸ்கூலை மூடி பக்கத்து ஊரோட சேர்த்துடுவாங்கன்னு பேச்சு. இந்தப் பொடிசுங்க மெயின் ரோட்டைத் தாண்டிப் போவணும்.

— கூப்பிடுங்க சார். வாம்மா மதிவதனி, பயப்படாத. போர்டுல என்ன எழுதியிருக்கு?

— ஹை… ம… வ… தி. ஹைமவதி. மி… மிஸ்… ஸு… க்கு. மிஸ்ஸுக்கு. ப்… பசி… க்கு… து. மிஸ், உங்களுக்குப் பசிக்குதா?

— ஆமாண்டா கண்ணு. பௌர்ணமி இல்லையா, கிரிவலக் கூட்டத்துல ஆட்டோ நகரவே இல்ல. ஒரு காபியோட ஓடி வந்தேன்.

— ஆயா சாம்பார் தாளிச்சிட்டாங்க மிஸ். வாசனை வருது பாருங்க.

— அப்ப ஓடிப் போய் எனக்கும் ஒரு தட்டு சொல்லு.

— பார்த்தீங்களா மேடம், எப்படித் தடுமாறுது. அதுக்குத்தான் வேணாம்னேன்.

— சார், ஒரு மாசமா ஸ்கூல் பக்கமே வராதவ படிச்சுட்டா. தினம் வந்த ஒருத்தருக்கும் வரல. அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?

— நான்தான் மேடம்.

— மத்தவங்களுக்கு?

— அவங்களுக்கும் நான்தான். எல்லாமே இவளை மாதிரி எழுத்துக் கூட்டித்தான் படிச்சினு இருந்துதுங்க. இவ அம்மையில படுத்தப்புறம்தான் நீங்க வர்றீங்கன்னு சேதி வந்துது. தடுமாறினா மார்க் இல்லன்னாங்க. அன்னிலேருந்து காலையில வண்ணத்துப்பூச்சி, சாயங்காலம் வண்ணத்துப்பூச்சி. என் கனவுலகூட தேன் குடிக்குது மேடம். இப்ப புது வரின்னாலே இதுங்க வாயைத் திறக்க பயப்படுதுங்க.

— அப்ப நான் வர்றேன்னு சொன்னதுதான் கெடுத்திருக்கு.

— நான் அப்படிச் சொல்லல மேடம்.

— நான் சொல்றேன். இன்னிக்கு மார்க் போடல. இன்னொரு நாள் வரேன். எப்பன்னு மட்டும் கேக்காதீங்க.

— அதுவரைக்கும் நான் என்ன பண்ணட்டும்?

— எல்லாரையும் பழையபடி தடுமாற விடுங்க சார்.