கண்ணாடி நூலுக்கு ஒரு முறுக்கு

— மெதுவாப் பேசுங்க தம்பி, மக உள்ள இருக்கா. காதுல விழுந்துச்சுன்னா என் பாடு அவ்வளவுதான்.

— அரே சார், நான் லைன்மேன் முத்து. கம்ப்ளெயிண்ட் வந்துச்சு, வந்தேன். சுவத்துப் பெட்டியைத் தொறந்தா உள்ள கறுப்பு டேப்! யார் சார் இந்த வேலையைப் பாத்தது?

— நான்தான்.

— நீங்களா?

— முப்பத்தாறு வருசம் இந்த டெல்லியில உங்க டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல கேபிள் ஜாயிண்டரா இருந்தவன் வே நான். கரோல் பாக்ல தட்சிணாமூர்த்தின்னு கேட்டுப் பாரும். குழிக்குள்ள உக்காந்து எம்புட்டுச் செம்புக் கம்பி முறுக்கியிருக்கேன்! நேத்து நெட்டு இழுத்து இழுத்து வந்துச்சா, ஜாயிண்ட் லூசுன்னு நெனைச்சு...

— நெனைச்சு?

— வெட்டி, ரெண்டு முனையையும் சீவி, நல்லா முறுக்கி டேப்பு சுத்திட்டேன்.

— அய்யோ சார்! இது செம்பு இல்ல, ஃபைபர். கண்ணாடி நூலு. இதைப் போயி முறுக்குவாங்களா?

— முறுக்கும்போதே நறநறன்னுச்சு. இப்பல்லாம் கம்பியில தரம் இல்லைன்னு நெனைச்சுக்கிட்டேன்.

— மஸ்த் சார், செம ஆளு நீங்க!

— சிரிக்காதீங்க தம்பி. பதினோரு மணிக்கு மேதாவுக்கு வீடியோவுல இண்டர்வியூ. குர்காவ்ல ஏதோ கம்பெனியாம். ரெண்டு வருசமா வேலைக்கு அலையுதா. மொபைலு இந்தச் சந்துல சிக்னல் எடுக்காது. பிரைவேட் லைன் போடுங்கன்னு வீட்டுக்காரி படிச்சுப் படிச்சுச் சொன்னா. என் டிபார்ட்மெண்டை விட்டுக் குடுக்க மாட்டேன்னு நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன். இப்ப என்னாலயே பிள்ளை வேலை போச்சுன்னா, அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?

— டென்ஷன் ஆகாதீங்க. ஒட்டுற மெஷின் பையில இருக்கு. பத்து நிமிஷம்.

— கேட்டா எலி கடிச்சிட்டுன்னு சொல்லிருங்க. ஒரு ரிட்டயர் ஆள் மானத்தைக் காப்பாத்துங்க.

— அச்சா, எலிதான். நான் பாத்துக்கறேன்.

— முத்து பையா, ஹோ கயா? முடிஞ்சுதா அண்ணா? இன்னும் பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு.

— ஆச்சு மேதா தீதி, எலி கடிச்சிருச்சு. இதோ, மோடத்தைப் பாருங்க. செவப்பு போயி பச்சை வந்துருச்சு.

— தேங்க்ஸ் பையா! அப்பா, கதவைத் தட்டாதீங்க. ப்ளீஸ், குக்கரும் வைக்காதீங்க.

— வைக்கலைம்மா, போ போ. தம்பி, நீங்க கெளம்பிராதீங்க. அவ முடிச்சு வர்ற வரைக்கும் உக்காருங்க. டீ போடுதேன். லைன் திரும்பப் போச்சுன்னா எனக்கு நெஞ்சு நின்னுரும்.

— போகாது சார். ஆனா அந்தப் பெட்டிப் பக்கம் இனி நீங்க போகக் கூடாது.

— சத்தியமாப் போக மாட்டேன். இஞ்சி தட்டிப் போடவா?

— போடுங்க. சக்கரை தூக்கலா.

— முக்கால் மணி நேரமாச்சே, என்ன கேள்வி கேக்கானுவளோ... ஏ, கதவு தொறக்கு! மேதா, என்னாச்சும்மா?

— கெடைச்சிருச்சுப்பா! திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க.

— எம் மக்கா! வயித்துல பாலை வாத்தே! குர்காவ் தூரமாச்சே, மெட்ரோவுல போயிருவியா?

— குர்காவ் சும்மா சொன்னேன். உங்க டிபார்ட்மெண்ட்தான்ப்பா. காண்ட்ராக்ட் இன்ஜினியர், இதே கரோல் பாக் எக்ஸ்சேஞ்ச்.

— என் எக்ஸ்சேஞ்சுலயா! அடிப்பாவி, ஏன் எங்கிட்டச் சொல்லலை?

— சொன்னா பழைய ஆபீசர் ஒருத்தர் விடாம போன் போட்டு சிபாரிசு கேப்பீங்க. நானே வாங்கணும்னு நெனைச்சேன்.

— எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டும்மா. அதுசரி, என்ன வேலை குடுத்திருக்கான்?

— ஃபால்ட் செக்ஷன். முத்து பையா, திங்கக்கிழமைலேர்ந்து உங்க ரிப்போர்ட் எல்லாம் எங்கிட்டதான் வரும். இன்னைக்கு ரிப்போர்ட்டுல 'பழுதுக்குக் காரணம்'னு இருக்கற எடத்துல எலின்னு எழுதாம, அப்பா பேரை முழுசா எழுதுங்க.